மனைவிகள் அறையில் ஆறு வாரம்

1

நான் ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்து சரியாகப் பதினேழு வருஷம் முடிந்த சனிக்கிழமை, கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்பு பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்துகொண்டு, என் புருஷன் பெரிய குடிகாரன் என்று பத்துப் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ராஜன் பீரைக்கூடத் தொட்டதில்லை. குடிக்கிறது நான்.

வெளிநாட்டுக் குறிப்புகள் என்றால் முதல் குளிர், முதல் கார், தோட்டத்தில் முளைத்த கறிவேப்பிலை என்றுதான் எழுதுவார்கள். நானும் சர்ச் ஆண்டு மலருக்கு அப்படி நாலைந்து எழுதியிருக்கிறேன். எல்லாரும் பாராட்டினார்கள். அதை எழுதும்போதும் பக்கத்தில் டம்ளர் இருந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்க எனக்குத் தெம்பு இல்லை. இரண்டு மாத லீவில் தாம்பரத்துக்கு வந்திருக்கிறேன். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன், கூட இருந்து பார்த்துக்கொள்ள வந்தேன் என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்லியிருக்கிறது. உண்மையில் ராஜன் அனுப்பி வைத்தார். குடியை நிறுத்தினால் திரும்பி வரலாம், மகள் ஜோவோடு இருக்கலாம். நிறுத்த முடியாவிட்டால் அங்கேயே இருந்துவிடு என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னார்.

2

மெல்பர்னில் எனக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. முகம் தெரியாத யாரோ ஒருவரின் கல்லீரல் ரிப்போர்ட்டைப் பார்த்து, “ஐயோ பாவம், இந்த மனுஷனுக்கு எடுத்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லையா?” என்று உச்சுக்கொட்டுவேன். சாயந்திரம் வீட்டுக்கு வந்து நானே குடிப்பேன். அங்கே நாலு லிட்டர் ஒயின் அட்டைப் பெட்டியில் வரும். உள்ளே ஒரு பை, அதற்கு ஒரு குட்டிக் குழாய். பாட்டில் மாதிரி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று வெளியே தெரியாது. எவர்சில்வர் டம்ளரில் பிடித்துக் குடிப்பேன். பார்க்கிறவர்களுக்கு அது மோர்.

எப்படி ஆரம்பித்தாய் என்று கேட்காதீர்கள். குளிருக்காக ஆரம்பித்தேன் என்று ஒரு நாள் சொல்வேன். அப்பா இறந்தபோது விசா பேப்பர் ஏதோ ஒரு மேசையில் மாட்டிக்கொண்டு, இமிக்ரேஷன் ஆபீஸுக்கு எத்தனை தடவை ஃபோன் பண்ணியும் ‘காத்திருங்கள்’ என்றே பாட்டுப் போட்டார்கள், அடக்கத்துக்கு வர முடியவில்லை, அதனால்தான் என்று இன்னொரு நாள் சொல்வேன். இரண்டும் நடந்ததுதான்.

ஜோவை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டி வந்த ஒரு சாயங்காலம் போலீஸ் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். லைசென்ஸ் போனது. கோர்ட், படிவம், வகுப்பு, சான்றிதழ், திரும்பப் படிவம். கடைசியில், காரில் ஒரு கருவி பொருத்திக்கொண்டால் ஓட்டலாம் என்றார்கள். அதில் ஊதினால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும், மூச்சில் சாராயம் இருந்தால் ஆகாது. அது என்ன என்று கேட்ட ஜோவின் சிநேகிதியிடம், “அம்மாவுக்கு ஆஸ்துமா” என்று ஜோ சொல்லிவைத்தாள். பதினாலு வயது. எனக்காகப் பொய் சொல்ல யாரும் அவளுக்குக் கற்றுத்தரவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஊதினேன், வண்டி அசையவில்லை. முந்தின நாள் குடித்தது இன்னும் உடம்பில் இருந்தது. ஜோவுக்குப் பரீட்சை. ராஜன் கிளம்பிப் போயாச்சு.

“ஜோ, நீ ஊதும்மா” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். “தப்பில்லையா?”

“இந்த ஒரு தடவைதான்.”

ஊதினாள். வண்டி ஸ்டார்ட் ஆனது. போதை இறங்காமலே அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

அந்தக் கருவியில் ஒரு கேமரா உண்டு, ஊதுகிற முகத்தைப் படம் பிடிக்கும். எனக்கு அது தெரியும். அன்றைக்கு மறந்து தொலைத்தேன். மூன்று வாரம் கழித்து, விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது, கூடவே படம். யூனிஃபார்மில் ஜோ, கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருக்கிறாள். வாயோரத்தில் பற்பசை காய்ந்திருக்கிறது. கண் மட்டும் பக்கத்தில், என் பக்கம், சரியாகச் செய்கிறேனா என்று பார்க்கிறது. ராஜன் அதை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, எனக்கு டிக்கெட் போட்டார்.

3

தாம்பரத்தில் குடியை விட உதவுகிற ஒரு குழு தேடினேன். மெல்பர்னிலேயே அப்படி ஒரு கூட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன்தான், ஆனால் என் முறை வந்ததும் இங்கிலீஷே மறந்துவிட்டது. பதினேழு வருஷமாக அந்த மொழியில் சம்பளம் வாங்குகிறேன், அழ வரவில்லை. சரி, தமிழில் அழுதுகொள்ளலாம் என்று தேடினால், முதல் நம்பர் உபயோகத்தில் இல்லை. இரண்டாவது நம்பரில் ஒரு பையன் எடுத்தான்.

“பேஷண்ட் ஹஸ்பெண்டா மேடம்?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவனே தொடர்ந்தான்.

“கவலைப்படாதீங்க மேடம், லொகேஷன் மட்டும் ஷேர் பண்ணுங்க. வண்டியில நாலு பேர் வருவாங்க. கத்துனாலும் சரி, கடிச்சாலும் சரி, தூக்கிட்டு வந்துருவோம்.”

மூன்றாவதாக ஒரு அம்மாள் பேசினாள். ஏதோ பொடியாம், சாம்பாரில் கலந்து கொடுக்க வேண்டுமாம், அவருக்கே தெரியாதாம், பத்தே நாளில் குடியை நினைத்தாலே குமட்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானே சாம்பார் வைத்து, நானே கலந்து, எனக்கே தெரியாமல் எப்படிச் சாப்பிடுவது? சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. அம்மா ஹாலிலிருந்து, “எஸ்தரு, யாரோட பேசுற?” என்றாள். ராங் நம்பர் என்றேன்.

கடைசியில் கேம்ப் ரோடு பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப் கண்ணாடியில் சின்னதாக ஒட்டியிருந்த காகிதம்தான் உதவியது. குடியை விட விரும்புகிறவர்களுக்கு, சனிக்கிழமை சாயந்திரம் ஐந்தரை மணி, சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற பள்ளிக்கூடம். அவ்வளவுதான் போட்டிருந்தது. அதன் முன்னால் இருமல் மருந்து வாங்குகிற மாதிரி நாலு தடவை நின்றேன்.

4

வகுப்பு வாசலில் வின்சென்ட் சார் என்று ஒருவர் நின்றிருந்தார். ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆனவர், குடியை விட்டுப் பதினோரு வருஷமாம். உள்ளே இருபது ஆண்கள். என்னைப் பார்த்ததும் பதறிப்போய் இரண்டடி முன்னால் வந்தார்.

“சிஸ்டர், இது ஜென்ட்ஸ். லேடீஸ் எல்லாம் பக்கத்து ரூம்ல. அவரைக் கூட்டிட்டு வரலையா? பரவால்ல, பரவால்ல. மொதல்ல நீங்க வந்தீங்களே, அதுவே போதும்.”

‘சார், குடிக்கிறது நான்’ என்று மூன்று வார்த்தை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பெண்கள் குடிப்பார்கள் என்பதே அந்த மனிதரின் மனதில் இல்லை. எவ்வளவு மரியாதையாக வழி விட்டார் தெரியுமா! அந்த மரியாதையை விட எனக்கு மனசு வரவில்லை. பக்கத்து அறைக்குப் போய், குடிகாரர்களின் மனைவிகளோடு உட்கார்ந்தேன்.

ஒரு வாரம் போய்விட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த அறையில் காதில் விழுந்தது வேறு எங்கேயும் கிடைக்காது. கேட் சத்தத்திலேயே இன்றைக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும் என்றாள் ஒருத்தி. டம்ளரைக் கழுவுவதற்கு முன்னால் மோந்து பார்ப்பேன் என்றாள் இன்னொருத்தி. எங்கள் வீட்டு டம்ளரையும் ராஜன் மோந்து பார்த்திருப்பாரா? எத்தனை வருஷம்? பிள்ளை பாடப் புஸ்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பாவின் செருப்புச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருக்கும் என்று மல்லிகா என்றொருத்தி சொன்னாள். என்னோடு இருப்பது எப்படி இருக்கும் என்று ஒவ்வொருத்தியாக எனக்குச் சொன்னார்கள். அவர்களுக்கு அது தெரியாது.

மல்லிகா பெருங்களத்தூரிலிருந்து பஸ் பிடித்து வருவாள். புருஷன் குமார் மேடவாக்கம் அபார்ட்மெண்டுகளுக்குத் தண்ணி லாரி ஓட்டுகிறவன், பக்கத்து ஆண்கள் அறையில் மூன்று வாரமாக உட்காருகிறான். முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னாக்கா இப்டி வெடவெடன்னு கீது கை? பயந்தியா? அந்தாண்ட வெளிநாட்லயும் இதே பேஜார்தானா?”

நடுக்கம் பயத்தால் இல்லை. ஆமாம் என்றேன். அப்புறம் நான் செய்ததையெல்லாம் எடுத்து ராஜன் தலையில் போட்டேன். அட்டைப் பெட்டி, எவர்சில்வர் டம்ளர், போலீஸ், ஊதுகிற கருவி, எல்லாம். எல்லாரும் ச்சு ச்சு என்றார்கள். அந்தப் படத்தை மட்டும் சொல்லவில்லை. அதை ராஜன் மேல் போட வாய் வரவில்லை.

அடுத்த வாரம் மல்லிகா ஒரு காகிதப் பொட்டலம் கொண்டுவந்தாள். அம்மன் கோயில் விபூதி.

“உங்க சர்ச்சுல ஒத்துக்க மாட்டாங்கன்னு தெரியும்க்கா. ஊருக்குப் போனதும் ராஜன் அண்ணன் தலகாணிக்கு அடில வச்சிரு. கர்த்தர் ஒண்ணியும் கோச்சிக்க மாட்டாரு. நானும் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம ஒரு வேளை சாப்புடாம கீறேன், அண்ணனுக்கோசரம்.”

பார்த்தேயிராத ஒரு மனுஷனுக்காக, குடிக்கவே குடிக்காத ஒரு மனுஷனுக்காக, அந்தப் பெண் பட்டினி கிடந்தாள். நான் அந்தப் பொட்டலத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு தேங்க்ஸ் சொன்னேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

5

இதெல்லாம் நடக்கும்போது நான் நிறுத்தியாவது இருந்தேனா என்று நீங்கள் கேட்பீர்கள். பத்தொன்பது நாள் நிறுத்தினேன். சத்தியமாக. வியர்த்துக் கொட்டியது, தூக்கம் இல்லை, சோறு பிடிக்கவில்லை. அம்மா அதை ஜெட் லாக் என்றாள்.

இருபதாவது நாள் அம்மாவின் ஜாடி. எங்கள் ஆட்கள் வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடுவது உண்டு. கறுப்புத் திராட்சை, சர்க்கரை, கொஞ்சம் கோதுமை, கிராம்பு, வாயைத் துணியால் கட்டி ஸ்டோர் ரூமில் வைத்துவிடுவார்கள். கேக்கோடு கண்ணாடிக் கோப்பையில் ரெண்டு மடக்கு, பாஸ்டர் ஐயாவுக்கும் உண்டு. அதைக் குடி என்று அம்மாவிடம் சொன்னால் அடிப்பாள். ஆபரேஷன் ஆன கண், ஜாடியில் எவ்வளவு இருக்கிறது என்று அவளுக்கு மட்டாகத்தான் தெரியும். வடிகட்டாத சாறு, தோலும் கொட்டையுமாக, கரண்டியால் மொண்டு மொண்டு குடித்தேன்.

வடிகட்டுகிற நாளில் அம்மா ஜாடியைச் சாய்த்துப் பார்த்து, “என்னடி இது, இந்தத் தடவை சாறே விடலையே” என்றாள். நேராக மார்க்கெட்டுக்குப் போய், திராட்சை விற்றவரைப் பிடித்து, “உலர்ந்த பழத்தைக் குடுத்து ஏமாத்திட்டியேப்பா” என்று நடுத்தெருவில் சண்டை போட்டாள். அவர் திகைத்துப்போய் கும்பிட்டார். நான் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 

அதுவும் தீர்ந்தபின், சினேகிதியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி நாவலூர் போனேன். ஐ.டி. பெண்கள் கூச்சமில்லாமல் ஒயின் வாங்குகிற கடை அந்தப் பக்கம் இருக்கிறது. இரண்டு தடவை போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா ஆராதனைக்குப் போனதும் ஜோவோடு ஃபோன். அவள் தமிழில் மிச்சம் வைத்திருப்பது அம்மா என்ற ஒரு வார்த்தைதான், மற்றதெல்லாம் இங்கிலீஷ். ஒவ்வொரு தடவையும் எத்தனை நாள் ஆச்சு என்று கேட்பாள். இருபத்தாறு என்பேன். முப்பத்திமூன்று என்பேன். நாற்பது என்பேன். “சூப்பர் அம்மா” என்பாள். அவள் குரலில் சந்தோஷம் வாரா வாரம் குறைந்துகொண்டே வந்தது. அது எனக்கு உறைக்கவில்லை, அல்லது உறைக்காத மாதிரி இருந்தேன்.

6

ஆறாவது சனிக்கிழமை நல்ல மழை. முடிச்சூர் பக்கம் தண்ணி ஏறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அம்மா போகாதே என்றாள். வீட்டில் இருந்தால் நாவலூருக்குப் போய்விடுவேன் என்ற பயத்தில் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வெள்ளிக்கிழமை குடித்ததுதான் கடைசி. 

எங்கள் அறைக்கு நானும் மல்லிகாவும்தான் வந்திருந்தோம். ஆண்கள் பக்கம் குமாரையும் சேர்த்து நாலு பேர். வின்சென்ட் சார் எட்டிப் பார்த்து, “ரெண்டு ரூம்ல எதுக்கு லைட்டு? எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்துருவோம் சிஸ்டர்” என்றார். மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. நனைந்த புடவையோடு மல்லிகா என்னை ஒட்டி உட்கார்ந்தாள். எதிர் பெஞ்சில் குமார், ஒல்லியாக, தலையைக் குனிந்துகொண்டு.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். குமார் தன் முறை வந்ததும், “புள்ள பெறந்தநாளுக்கு வாங்கின கேக்கைப் பாதி வழில யாருக்கோ வித்துட்டுக் குடிச்சேன் சார். கேக்கு எங்கப்பான்னு கேட்டுச்சு. அதான்” என்று சொல்லி நிறுத்திவிட்டான். அடுத்தது நான். “சிஸ்டர், ராஜன் பிரதர் எப்படி இருக்கார்?” என்றார் வின்சென்ட் சார்.

நன்றாக இருக்கிறார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கேக்கைக் கேட்ட அந்தப் பிள்ளை நினைவு போகவில்லை.

“சார், என் பேர் எஸ்தர். எங்க வீட்டுக்காரர் குடிக்க மாட்டார். குடிக்கிறது நான். நேத்துகூடக் குடிச்சேன்.”

 நிறுத்தினால் திரும்பவும் பொய் சொல்லிவிடுவேன் என்று பயந்து, படத்தையும் சொன்னேன். உப்பின கன்னம், பற்பசை, என் பக்கம் பார்த்த கண், ஒன்றையும் விடவில்லை. 

மல்லிகா என் தோளை உரசாமல் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தாள்.

“அப்போ நான் அஞ்சு வெள்ளிக்கெழம எதுக்குப் பட்டினி கெடந்தேன்?”

“என்னை மன்னிச்சிரு மல்லிகா.”

“மன்னிப்பெல்லாம் கெடக்கட்டும்க்கா.” அவள் குரல் உடைந்தது. “எனக்கு ஒண்ணு சொல்லு. ஏன் குடிக்கிறே? இதுங்கிட்ட பத்து வருசமா கேட்டுகினு கீறேன். தெர்லன்னுது. பொய் சொல்லுது, இன்னாத்தியோ மறைக்குதுன்னு நெனச்சேன். நீ படிச்சவ. பெரிய வேலைல கீறவ. வூடு, காரு, நல்ல புருசன் எல்லாம் கீது. நீ சொல்லு, ஏன்?”

குளிரைச் சொல்லலாமா, அப்பா சாவைச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் தேடினேன். அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

“தெரியலை மல்லிகா. சத்தியமா எனக்குத் தெரியலை.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. எதிரில் குமாரைப் பார்த்தாள், ரொம்ப நேரம்.

“அப்போ நெசமாவே தெர்லயாய்யா உனுக்கு?”

குமார் தலையை நிமிர்த்தாமலே இல்லை என்று ஆட்டினான். மல்லிகா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். என் மேல் இருந்த கோபமா, பத்து வருஷத்துக் கேள்விக்குப் பதிலே இல்லை என்று தெரிந்ததா, எனக்குப் புரியவில்லை. வின்சென்ட் சார் எழுந்து, எல்லாருக்கும் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினார். எனக்குக் கொடுக்கும்போது, “தப்பான ரூமுக்கு அனுப்பிட்டேன் சிஸ்டர், என் புத்தி” என்று தன் நெற்றியில் தட்டிக்கொண்டார்.

கேட்டில் மல்லிகா எனக்காக நின்றிருந்தாள். குமார் தள்ளி, குடை இல்லாமல்.

“நீ இன்னும் குடிக்கிறது உன் பொண்ணுக்குத் தெரியுமா?”

“தெரியாது. நாப்பது நாளா நிறுத்திட்டேன்னு சொல்லியிருக்கேன்.”

“தெரியும்க்கா. புள்ளைங்களுக்கு எல்லாம் தெரியும்” என்றாள். அடுத்த சனிக்கிழமை பார்க்கலாம் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

7

அன்றைக்கு வீட்டில் எப்படிப் பொழுது போனது என்று எழுத மாட்டேன். குடிக்கவில்லை. அவ்வளவு போதும்.

காலையில் அம்மா சர்ச்சுக்குப் போனதும் ஃபோன் பண்ணினேன். மெல்பர்னில் மத்தியானம். என் ஃபிளைட்டுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஜோதான் எடுத்தாள். எப்போதும் போல எத்தனை நாள் என்று கேட்டாள். நாற்பத்தேழு என்று சொல்ல வேண்டிய நாள்.

“ஒன்று” என்றேன்.

மறுமுனையில் டி.வி. சத்தம். அது நின்றது. வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்துகிறாள் என்று புரிந்தது. நான் ஜாடியைச் சொன்னேன், நாவலூரைச் சொன்னேன், வாரா வாரம் அவளிடம் சொன்ன பொய்யைச் சொன்னேன். என் இங்கிலீஷ் அறுந்து அறுந்து வந்தது, பாதிக்கு மேல் தமிழாகிவிட்டது. எவ்வளவு புரிந்ததோ. அழுவாள், திட்டுவாள், ஃபோனை வைத்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். எதற்கும் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

“எனக்குத் தெரியும்” என்றாள் ஜோ இங்கிலீஷில், கிசுகிசுப்பாக. “மூணு வாரமா தெரியும். அம்மா, அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத. டிக்கெட்டை கேன்சல் பண்ணிடுவார். நாற்பத்தேழுன்னே சொல்லு. கேட்டா நான் சமாளிச்சுக்கறேன். நீ வந்தா போதும்.”

கர்த்தரே, அந்தக் குழந்தையின் குரலில் எவ்வளவு பழக்கம்! எத்தனையோ வருஷமாக இந்த வேலையைப் பார்க்கிறவள் மாதிரி. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பன்னிரண்டு நாளில் நான் அவள் பக்கத்தில் இருப்பேன். எனக்கு அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. வந்ததை மறைக்கவில்லை, எழுதிவைக்கிறேன்.

“ஜோ,” என்றேன். “ஃபோனை அப்பாகிட்டக் குடு.”

“அம்மா, வேண்டாம். ப்ளீஸ்.”

“குடும்மா.”

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மரத்தரையில் அவள் வெறுங்காலோடு நடக்கிற சத்தம், மெதுவாக, எவ்வளவு முடியுமோ அவ்வளவு மெதுவாக, ஹால் பக்கமாக.